நீலத் தாமரை விதை வாங்கினேன், இலை மிதக்கிறது: இது அல்லியா?

கேள்வி: ஆன்லைனில் 350 ரூபாய் கொடுத்து ‘நீலத் தாமரை’ விதை பத்து வாங்கினேன். நான்கை உரசித் தண்ணீரில் போட்டதில் இரண்டு முளைத்தன. மொட்டை மாடித் தொட்டிக்கு மாற்றி நாற்பது நாள் ஆகிறது. இலை எல்லாம் தண்ணீர் மேலேயே கிடக்கிறது, ஒன்றுகூட நிமிரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, “இது அல்லி. உன்னை ஏமாற்றிவிட்டார்கள், பிடுங்கிப் போடு” என்கிறார். விற்றவரோ வளர்ச்சி மாத்திரை வாங்கிப் போடச் சொல்கிறார். என்ன செய்வது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: தயவுசெய்து பிடுங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது தாமரைதான். உங்களை ஏமாற்றியது உண்மை, ஆனால் நிறத்தில்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டமான இலை, விளிம்பில் எங்கும் வெட்டு இல்லை. குடைக்குக் கம்பி வந்து சேர்வதுபோல, காம்பு இலையின் நடு வயிற்றில் வந்து சேர்கிறது. அல்லி இலை இப்படி இருக்காது. அதில் விளிம்பிலிருந்து காம்பு வரைக்கும் ஒரு பிளவு ஓடும். சந்தேகம் தீர இன்னொன்றும் செய்து பாருங்கள்: இலை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போல உருண்டு ஓடினால் தாமரை. பரவி ஒட்டிக்கொண்டால் அல்லி.

‘தாமரை இலை நிமிர்ந்து நிற்கும், அல்லி இலை மிதக்கும்’ என்று எல்லோரும் பள்ளியில் படித்ததுதான் உங்கள் பக்கத்து வீட்டு அக்காவையும் குழப்பியிருக்கிறது. அது வளர்ந்த செடிக்கு மட்டும் பொருந்தும். விதையிலிருந்து வரும் தாமரையின் முதல் இலைகள் எல்லாமே மிதக்கும். காம்பு நூல்போல இருக்கும், இலையைத் தூக்கி நிறுத்த அதற்குத் தெம்பு கிடையாது. சேற்றுக்குள் தண்டு ஓடிப் பலம் சேர்ந்த பிறகுதான் விறைப்பான காம்பு வரும். அந்தக் காம்பில் விரலை ஓட்டினால் சின்னச் சின்ன முள் சுரசுரக்கும். கிழங்கு வைத்து வளர்த்தாலும் இதே கதைதான், முதலில் வருபவை மிதக்கும் இலைகளே. முழுதாக வளர்ந்த செடிகூட கிழங்கிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்போது முதலில் மிதக்கும் இலைதான் விடும். அதனால் இலை மிதக்கிறதா என்று பார்க்காதீர்கள், பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல தாமரைக் கன்றை ‘அல்லி’ என்று பிடுங்கி எறிந்துவிட்டு, அப்புறம் வந்து என்னிடம் கேட்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். நீலத் தாமரை என்று ஒன்று உலகத்தில் இல்லை. தாமரைப் பேரினத்தில் இரண்டே இனங்கள். ஒன்று நம் ஆசியத் தாமரை, வெள்ளையும் இளஞ்சிவப்பும். மற்றொன்று அமெரிக்காவின் மஞ்சள் தாமரை. இவற்றைக் கலந்து எத்தனையோ ரகங்கள் வந்துவிட்டன, அவற்றில் நீலம் மட்டும் கிடையாது. நீலமாகப் பூப்பது அல்லிக் குடும்பத்து நீலோற்பலம், இலங்கையின் தேசிய மலர். விளம்பரத்தில் நீங்கள் பார்த்தது அந்தப் பூவாக இருக்கும், அல்லது கணினியில் நிறம் மாற்றிய தாமரையாக இருக்கும். உங்கள் தொட்டியில் இளஞ்சிவப்போ வெள்ளையோ பூக்கத்தான் வாய்ப்பு அதிகம். ‘வானவில் தாமரை’ விதை, ‘கறுப்புத் தாமரை’ விதை என்று விற்பவர்களிடமும் போகாதீர்கள். பெயர் பெற்ற கலப்பு ரகத்தின் விதை தாயைப்போலவே பூக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறிப்பிட்ட நிறம்தான் வேண்டும் என்றால் குருத்து நுனி முறியாத கிழங்கை வாங்குங்கள்.

விதை வாங்குவதிலும் ஏமாறாமல் இருக்க வழி உண்டு. தாமரை விதை நிலக்கடலைப் பருப்பு அளவில், முட்டை வடிவில், கருத்து, கல்போல இருக்கும். கடுகுபோலப் பொடியாக வந்தால் அது அல்லி விதை, உடனே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். பூஜைச் சாமான் கடையில் மாலை கோக்கும் தாமரை மணி உண்மையான தாமரை விதைதான். ஆனால் துளை போட்ட மணி வேண்டாம், ஊசி போகும் வழியில்தான் உள்ளே பச்சையாகக் கரு இருக்கிறது. துளையில்லாத மணியைக் கேட்டு வாங்குங்கள், ஆன்லைன் விலையைவிட மிகக் குறைவாகத்தான் ஆகும். மளிகைக் கடையில் ‘தாமரை விதை’ என்று பாக்கெட்டில் வரும் மக்கானா தாமரையே இல்லை. அது பீகார்க் குளங்களில் வளரும், இலையெல்லாம் முள்ளான வேறொரு செடியின் விதையைப் பொரித்தது.

இந்தக் குழப்பம் தீராததற்குப் பாடப்புத்தகங்களும் காரணம் என்பேன். தாமரையை அல்லிக் குடும்பத்தில் சேர்த்துச் சொல்லும் பழைய பாடம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மரபணுவைப் பார்த்து அது தவறு என்று 1990களிலேயே தெரிந்துவிட்டது. ஊட்டித் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரமும் காஷ்மீரின் சினார் மரமும் தாமரைக்குச் சொந்தம். ஒரே குளத்தில் பக்கத்தில் மிதக்கும் அல்லி அதற்கு நெருங்கிய உறவே இல்லை. முப்பது வருடம் ஆகியும் இதைத் திருத்தாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், விற்பவன் எந்தப் பெயரை ஒட்டினாலும் நம்பத்தானே செய்வார்கள்?

வளர்ச்சி மாத்திரை இப்போது வேண்டவே வேண்டாம். இளங்கன்றுக்கு உரம் போட்டால் வேர் கருகும், தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகும். நிமிர்ந்த இலை இரண்டு மூன்று வரட்டும். அப்புறம் ஒரு சிட்டிகை டிஏபி உரத்தைக் காகிதத்தில் மடித்து, வேரில் படாமல் தொட்டி ஓரமாகச் சேற்றுக்குள் அழுத்துங்கள். அதுவரை ஆறு மணி நேர வெயில், ஓட்டையில்லாத அகலமான தொட்டி, ஒரு சாண் களிமண், அதற்கு மேல் அரைச் சாண் தண்ணீர் போதும். கொசுவுக்கு நாலு கப்பி மீன் விடுங்கள். விதைச் செடி பூக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

மிச்சம் இருக்கும் ஆறு விதையையும் எறிய வேண்டாம். சீனாவில் வறண்ட ஏரிப் படுகையிலிருந்து எடுத்த, ஏறக்குறைய 1,300 வருடப் பழைய தாமரை விதையே முளைத்திருக்கிறது. ஓடு அவ்வளவு கெட்டி. அதனால்தான் உரசாமல் போட்டால் மாதக்கணக்கில் ஊறினாலும் அசையாது. குழிந்த முனையை உப்புத்தாளில் தேயுங்கள். கறுப்பு ஓடு போய் உள்ளே வெள்ளை லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், மேலும் தேய்த்தால் விதை அழுகும். கண்ணாடி டம்ளரில் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். மறுநாளே ஊதிப் பெரிதாகும், ஒரு வாரத்துக்குள் ஓடு பிளந்து பச்சைக் குருத்து வெளியே வரும்.