முகபாவத்துக்கு மதிப்பெண் போடலாமா?

கேள்வி: எங்களுடையது சின்ன மென்பொருள் கம்பெனி. வேலைக்கு வரும் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் ஏஐ ஒன்றை பிரான்சில் உள்ள நிறுவனத்துக்குச் செய்து தருகிறோம். வீடியோ நேர்காணலில் முகபாவம் பார்த்து ஆர்வம், பதற்றம் என்று மதிப்பெண் போடும் வசதியும் உண்டு. 'ஐரோப்பிய ஏஐ சட்டப்படி நடக்கிறோம்' என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். இங்கே இருக்கும் எங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கட்டுப்படுத்தும். 2024 ஆகஸ்ட் 1-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டம் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மென்பொருளை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றாலோ, அது தரும் முடிவை அங்கே பயன்படுத்தினாலோ போதும்.

கையெழுத்தைவிட எனக்குக் கவலை அந்த முகபாவ மதிப்பெண்தான். வேலை செய்யும் இடத்தில் ஒருவருடைய முகத்தையோ குரலையோ வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐ-க்கு அங்கே 2025 பிப்ரவரி 2-லிருந்தே தடை, மருத்துவம், பாதுகாப்பு என்றால் மட்டும் விலக்கு, ஆள் எடுக்கும் நேர்காணலும் இந்தத் தடைக்குள் வரும் என்று ஐரோப்பிய ஆணையமே விளக்கம் கொடுத்திருக்கிறது. அபராதம் 3.5 கோடி யூரோ அல்லது ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம் வரை போகலாம்; சிறு நிறுவனம் என்றால் இரண்டில் குறைவானது உச்சவரம்பு. அபராதம் இருக்கட்டும், பதற்றத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலர் முகத்தில் எதுவுமே தெரியாது, அதைப் பார்த்து ஒருவருடைய பிழைப்பில் கை வைப்பது அநியாயம். அந்த வசதியை அடியோடு எடுத்துவிடுங்கள், பட்டனை மட்டும் மறைத்து வைத்தால் போதாது.

விண்ணப்பத்தைத் தரம் பிரிப்பதற்குத் தடை இல்லை. ஆனால் சட்டம் அதை ஆபத்து அதிகமுள்ள வகையில் வைத்திருக்கிறது, அதனால் எந்தத் தரவில் பயிற்சி கொடுத்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்பதற்கெல்லாம் ஆவணம் வேண்டும், இயங்கும்போது என்னென்ன நடந்தது என்ற குறிப்பு (லாக்) தானாகப் பதிவாக வேண்டும், ஏஐ ஒதுக்கியவரை மனிதர் ஒருவர் பார்த்து முடிவை மாற்றவும் வழி இருக்க வேண்டும்.

அப்புறம், மென்பொருள் யார் பெயரில் போகிறது? அவர்கள் பெயரில் என்றால் தயாரிப்பாளருக்கான பொறுப்பில் பெரும்பகுதி அவர்களுடையது, உங்கள் பெயரில் என்றால் உங்களுடையது. ஒப்பந்தத்தில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஐரோப்பியச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.