ஃப்ளஷ் டேங்கின் உட்புறம் பழுப்பாகிவிட்டது. வீட்டிலேயே எப்படிக் கழுவுவது? ப்ளீச்சிங் பவுடர் போடலாமா?

ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். அந்தப் பழுப்பு பெரும்பாலும் தண்ணீரிலுள்ள இரும்பு துருவாகப் படிந்தது. குளோரின் பட்டால் அது கரையாது, இன்னும் இறுகும். கூடவே டேங்கின் அடித்துளையை மூடும் ரப்பர் வாஷரும் கெடும். டேங்குக்குள் போட்டுவைக்கும் குளோரின் வில்லைகளும் இப்படித்தான் ரப்பரை அரிக்கின்றன.

துருவுக்கும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும் உப்புக்கும் அமிலம்தான் சரி. லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீர், அல்லது வெள்ளை வினிகர். கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ வழவழவென்று இருந்தால் அது நுண்ணுயிர்ப் படலம். பாத்திரம் தேய்க்கும் திரவமும் பிரஷ்ஷும் போதும்.

முதலில் ஆங்கிள் வால்வை (டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயிலுள்ள திருகு) மூடி, ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். பீங்கான் மூடியைத் தரையில் படுக்கவைக்கவும்; சாய்த்து வைத்தால் வழுக்கி உடையும். மூடியின் நடுவில் பட்டன் உள்ள வகையில், பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றாமல் மூடி வராது. பலம் காட்ட வேண்டாம்.

அடியில் தேங்கிய நீரையும் சேற்றையும் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஃப்ளஷ் செய்து தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றும், அங்கேதான் தப்பு நடக்கிறது. மணலும் பொருக்குத் துணுக்கும் வாஷருக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கழுவிய மறுநாள் டேங்க் ஒழுக இதுவும் ஒரு காரணம்.

கறை தடிப்பாக இருப்பது நீர்மட்டக் கோட்டில். முழு டேங்கையும் அமிலத்தால் நிரப்புவது வீண். பழைய துணிப்பட்டைகளைக் கரைசலில் நனைத்துச் சுவரில் ஒட்டி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்க்கவும். கம்பி நார் கீறல் போடும், கீறலில் கறை சீக்கிரம் ஏறும். பழைய ப்ளீச் மிச்சம் இருக்கும் டேங்கில் அமிலம் ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். முதலில் இரண்டு மூன்று முறை தண்ணீர்விட்டு அலசுங்கள்.

மிதவையின் தண்டு, சங்கிலி, வாஷரின் அடிப்பக்கம் மூன்றையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைக்கவும். வாஷரைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுகிறதா? ரப்பர் இளகிவிட்டது, மாற்றுங்கள்.

வால்வைத் திறந்து நிரப்பியதும் நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் (மிஞ்சிய நீர் வழியும் நிமிர்ந்த குழாய்) வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். தேய்க்கும்போது மிதவை நகர்ந்திருந்தால் திருகிச் சரிசெய்யவும். முன்னைவிட மெதுவாக நிரம்பினால் உள்வரும் குழாயின் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும். கடைசியாக, டேங்கில் கொஞ்சம் உணவு நிறம் கலந்து அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் இறங்கினால் வாஷர் சரியாக உட்காரவில்லை. அதையும் விளிம்பையும் மறுபடி துடையுங்கள்.