ஆந்திராவில் நம் ஊர்க்காரர் கைதானால் ஊரார் எப்படி உதவுவது?

சித்தூர் பக்கம் கூலி வேலைக்குப் போன தமிழர் கைதாகிவிட்டால் ஊரார் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று பேர் போதும். ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூட வேண்டாம். தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் ஸ்டேஷனுக்குப் போகட்டும், ஒருவர் வீட்டாரோடு இருக்கட்டும், இன்னொருவர் நோட்டில் எழுதட்டும்: பிடித்த நேரம், எஃப்.ஐ.ஆர். எண், கைதானவர் சாப்பிடும் மாத்திரை. பிடித்த நேரம்தான் முக்கியம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்.

படித்துச் சொல்லாத தெலுங்குக் காகிதத்தில் வீட்டார் கையெழுத்துப் போடவே கூடாது.

வக்கீலுக்குக் கடன் வாங்கும் முன் சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம்.

பலர் மாட்டிக்கொள்வது ஜாமீன் கிடைத்த பிறகுதான். உத்தரவு கையில் இருக்கும், ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்று 1978-லேயே மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நம் எல்லைப் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வக்கீலிடம் இதைக் கட்டாயம் நினைவுபடுத்துங்கள். முதல் நாளே ஜாமீன் நிற்கப்போகும் இரண்டு பேரின் ஆதார், வீட்டு வரி ரசீது, போட்டோ தயாராகட்டும். தமிழ்ப் பட்டா அங்கே படிக்கப்படாமல் திரும்பிவிடலாம், அதனால் தெலுங்கு மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.