சொட்டு மருந்து இல்லாமல் உறங்க முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 36. ஒன்பது மாதங்களுக்கு முன் சளி பிடித்தபோது மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மூக்குச் சொட்டு மருந்து, போட்ட ஐந்தே நிமிடத்தில் மூச்சைத் திறந்துவிட்டது. சளி போய்விட்டது; மருந்தைத்தான் விட முடியவில்லை. தலையணைக்கு அடியில் ஒரு குப்பி, கைப்பையில் ஒரு குப்பி என்று வைத்திருக்கிறேன். இரவில் மூன்று முறையாவது எழுந்து போட்டால்தான் உறக்கம் வருகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் மாமியாரும் சளி பிடித்தால் இதையே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். மூன்று வயது மகனுக்கு மூக்கடைத்தால் ஒரு சொட்டு விடலாமா? நான் இந்த மருந்துக்கு அடிமையாகிவிட்டேனா?
– வாசகி, திருப்பூர்.

பதில்: மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் மூச்சைத் திறக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஆக்ஸிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் ஆகத்தான் இருக்கும். நேசிவியான், ஓட்ரிவின் போன்ற பெயர்களில் கடைகளில் கிடைப்பவை இவையே. குப்பியின் லேபிளை வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தில் உள்ள பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மூக்கடைப்பு என்றதும் உள்ளே சளி தேங்கி நிற்பதாகவே நாம் எண்ணுகிறோம். சிந்திச் சிந்தி மூக்கு சிவந்த பிறகும் அடைப்பு விலகாததற்குக் காரணம் வேறு. மூக்கின் பக்கச் சுவர்களிலிருந்து சுருண்டு நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகளின் மேல் படர்ந்துள்ள மென்சவ்வில், ரத்தத்தைத் தேக்கி வைக்கக்கூடிய நுண்ணிய நாளங்கள் நிறைந்திருக்கின்றன. சளிக் கிருமியோ தூசியோ தாக்கும்போது அவற்றில் ரத்தம் நிறைந்து, சவ்வு உப்பி, காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. நீங்கள் போடும் மருந்து அந்த நாளங்களை இறுகச் செய்வதால் வீக்கம் வடிந்து மூச்சு திறக்கிறது. சளியை அது குணப்படுத்துவதில்லை, ஒவ்வாமையையும் தொடுவதில்லை. சில மணி நேரத்துக்கு வழிவிடுவது மட்டுமே அதன் வேலை. அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது என்பதுதான் உங்கள் சிக்கலின் தொடக்கம்.

நாள் தவறாமல் போட்டுவரும்போது நாளங்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. முதல் வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கிய ஒரு சொட்டு, பிறகு ஆறு மணி நேரமும், அதன் பிறகு மூன்று மணி நேரமும்தான் தாங்கும். அதன் வேகம் அடங்கியதும் நாளங்கள் முன்னைவிடக் கூடுதலாக விரிந்து, சவ்வு முன்னைவிடக் கூடுதலாக வீங்கும். ஆகவே இன்று இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது ஒன்பது மாதத்துக்கு முந்தைய சளி அன்று; பத்தரை மணிக்குப் போட்ட மருந்துதான். இது புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. இதே வகையைச் சேர்ந்த நாஃபசோலின் என்ற பழைய மருந்தைத் தொடர்ந்து போட்டவர்களிடம் இந்த எதிர் அடைப்பை 1940களிலேயே மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் என்று நாங்கள் வரம்பு கட்டுவது இதனால்தான்.

அடிமையாகிவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியைப் போல மனத்தைப் பிடித்து ஆட்டும் பழக்கம் அன்று இது. பழகியிருப்பது உங்கள் மூக்கின் சவ்வு. அது பெரும்பாலும் மீண்டுவிடும். இதற்காகக் குற்ற உணர்வு கொள்ளவும் தேவையில்லை, ஏனென்றால் மருந்தைக் கொடுத்த கடைக்காரர் ஐந்து நாளைத் தாண்டக் கூடாது என்ற ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

இனி நிறுத்தும் வழி. இரண்டு நாசியிலும் ஒரே இரவில் நிறுத்தலாம். சிலர் அப்படிச் செய்து வெற்றியும் பெறுகிறார்கள். ஆனால் முதல் சில இரவுகள் மூச்சு முட்டுவது போல் இருக்கும் என்பதால் பலர் மூன்றாம் நாளே மறுபடி குப்பியைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் பரிந்துரைப்பது ஒற்றை நாசி முறை. வலது நாசியில் இன்றே அடியோடு நிறுத்திவிட்டு, இடது நாசியில் மட்டும் இரவில் ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள். வலப்பக்கம் தானாகத் திறந்துகொள்ளும்வரை, அது ஒரு வாரமானாலும் இரண்டு வாரமானாலும், இடது நாசியின் வழியாக மூச்சு விட்டு உறங்கலாம். வலது திறந்ததும் இடதிலும் நிறுத்திவிட வேண்டும். கூடவே உப்புநீர்ச் சொட்டு அல்லது உப்புநீர் ஸ்பிரேயை வேண்டும்போதெல்லாம் பயன்படுத்தலாம், அதற்கு நாள் வரம்பு கிடையாது. தலைமாட்டில் இன்னொரு தலையணை வைத்து உயர்த்திப் படுப்பதும் உதவும்.

இந்த நாட்களைக் கடக்க, ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயை மருத்துவர் எழுதித் தருவார். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மூக்கில் அடிக்கும் அளவில் உடலுக்குள் செல்வது மிகச் சொற்பம். ஆனால் அது ஐந்து நிமிடத்தில் வேலை செய்யாது. முழுப் பலன் தெரியச் சில நாட்கள், சிலருக்கு ஓரிரு வாரங்கள்கூட ஆகும். சொட்டு மருந்தின் வேகத்துக்குப் பழகியவர்கள் இரண்டே நாளில் பயனில்லை என்று இதைத் தூக்கிப் போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அடிக்கும்போது ஸ்பிரேயின் முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல், அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் காய்ந்து ரத்தம் கசியும்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு நேரம் ஒரு நாசியும் மறு நேரம் மற்றொன்றும் சற்று அடைத்தாற்போல் தோன்றும். அது இயல்பு. நாசிகள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்வதை 1895இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதினார். இடகலை (இடது நாசி மூச்சு), பிங்கலை (வலது நாசி மூச்சு) என்று மூச்சுக் கலையைச் சொல்லும் நம் சரநூல்கள் பேசும் மூச்சோட்டத்தின் மாற்றத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது. அதற்காகக் குப்பியைக் கையில் எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மாமியார் இந்த மருந்தைத் தாமாக எடுத்துப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கு நாளங்களை இறுக்கும் மருந்து அளவு கூடினால் ரத்தத்தில் கலந்து மற்ற நாளங்களையும் இறுக்கக்கூடும்; ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, குறுகிய கோண வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ஒரே குப்பியை இருவர் பயன்படுத்துவதும் தவறு, கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். சொட்டு வேண்டாம் என்று சளி மாத்திரைக்கு மாறுவதும் அவருக்குத் தீர்வாகாது. அவற்றில் பலவற்றிலுள்ள ஃபினைலெஃப்ரின், வாய்வழி எடுக்கும் வழக்கமான அளவில் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகக் கூறிவிட்டது.

மகனுக்கு ஒரு சொட்டும் விட வேண்டாம். பெரியவர்களுக்கான செறிவு அவனுக்கு ஏற்றதன்று. மூன்று வயதில் உப்புநீர்ச் சொட்டே போதும். குளோர்ஃபெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது தலையணைக்கு அடியில் இருக்கும் குப்பிதான். இந்த வகை மருந்துகளைக் குழந்தைகள் தவறுதலாகக் குடித்துவிட்டால், ஒன்றிரண்டு மில்லிலிட்டரே கூட அவர்களை ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளி, இதயத் துடிப்பையும் மூச்சையும் மந்தமாக்கிவிடலாம் என்று அதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. படுக்கையில் உருளும் ஒரு சிறு குப்பியின் மூடியைப் பல்லால் திருகுவது மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரிய காரியமில்லை. இன்றிரவே அதைப் பூட்டும் அலமாரிக்கு மாற்றுங்கள். என்றேனும் அவன் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூன்று, நான்கு வாரங்களில் மூச்சு சீராகவில்லை என்றால், அல்லது எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால், ரத்தம் கலந்து வந்தால், முகர்வு உணர்வு குறைந்திருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டும். நடுத்தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம், அல்லது தொடக்கத்திலிருந்தே தூசி ஒவ்வாமை இருந்து அதைச் சளி என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். போகும்போது நீங்கள் பயன்படுத்திய குப்பியை எடுத்துச் சென்று, எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை போட்டீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.