ஆபீசுக்குள் மட்டும் திறக்கும் வெப்சைட்டுக்கு டொமைன் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவன ஆபீசில் 14 கம்ப்யூட்டர்கள் ஒரே ரவுட்டரில் இருக்கின்றன. விடுப்புப் படிவம், சுற்றறிக்கை, விலைப்பட்டியல் எல்லாவற்றையும் ஒரு வெப்சைட்டாகப் போட்டு, ஆபீசில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி செய்ய நினைக்கிறேன். டொமைன், ஹோஸ்டிங் வாங்க வேண்டுமா? ஒரு கம்ப்யூட்டரில் ஸாம்ப் (XAMPP, கம்ப்யூட்டரையே வெப்சைட் சர்வராக்கும் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன். லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் அதில் திறக்கிறது, மற்ற கம்ப்யூட்டர்களில் திறக்கவில்லை.

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் ரவுட்டரும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் போதும்.

முதலில் உங்கள் சிக்கலைப் பார்ப்போம். லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே கம்ப்யூட்டர்’ என்று அர்த்தம். பக்கத்து மேசையில் அதையே அடித்தால், அந்தக் கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே தேடிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லும். அங்கே அடிக்க வேண்டியது சர்வரின், அதாவது சைட் இருக்கும் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்), உதாரணமாக 192.168.1.50. அப்படியும் திறக்கவில்லையா? தடுப்பது பெரும்பாலும் சர்வரில் உள்ள விண்டோஸ் ஃபயர்வால்தான் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு). நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். அப்புறம் 80ஆம் போர்ட்டுக்கு (வெப்சைட்டுகள் பயன்படுத்தும் வாசல் எண்) மட்டும் உள்ளே வர அனுமதி கொடுங்கள். அவசரத்தில் ஃபயர்வாலையே அணைத்துவிட வேண்டாம்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வேலை: முகவரியை நிலையாக்குவது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. நான் அமைத்துக் கொடுத்த ஓர் ஆபீசில் இதைச் செய்யாமல் வந்துவிட்டேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒருநாள் கரண்ட் போய் வந்ததும், சைட் திறக்க வேண்டிய இடத்தில் பிரிண்டரின் செட்டிங்ஸ் பக்கம் வந்து நின்றது! சர்வரின் பழைய முகவரி பிரிண்டருக்குப் போய்விட்டது. அன்று காலை முழுக்க அவர்களுக்கு வேலை நின்றது என் தவறால்தான். ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற பகுதி இருக்கும். அதில் சர்வரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) கொடுத்து, ஒரு ஐபியை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் பெயர் வேண்டும். கடைசியில் ‘டாட் லோக்கல்’ வைக்காதீர்கள். அது பிரிண்டர் போன்ற கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கப் பயன்படும் முறைக்கு ஒதுக்கப்பட்டது. சில கம்ப்யூட்டர்களில் திறக்கும், சிலவற்றில் திறக்காது. இந்த மாதிரி உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ‘டாட் இன்டர்னல்’ என்ற பின்னொட்டை, இன்டர்நெட் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்பு 2024இல் ஒதுக்கியிருக்கிறது. அதையே வையுங்கள். ரவுட்டரில் பெயர் சேர்க்கும் வசதி இருந்தால் அங்கே ஒருமுறை சேர்த்தால் போதும். இல்லையென்றால் 14 கம்ப்யூட்டர்களிலும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று குறித்துவைக்கும் ஃபைல்) ஒரு வரி சேர்க்க வேண்டியதுதான். பெயரை முதல்முறை அடிக்கும்போது முன்னால் எச்டிடிபி (http://) சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். வெறும் பெயரை அடித்தால் பிரவுசர் அதை கூகுளில் தேடப் போய்விடலாம்.

ஸாம்ப் பழகுவதற்கு நல்லது, தினசரி ஓட்டுவதற்கு அல்ல. அதன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டே இல்லாமல்தான் வருகிறது. ஓரமாகக் கிடக்கும் 4 ஜிபி ரேம் கம்ப்யூட்டரில் உபுண்டுவும் (இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) இன்ஜின்எக்ஸும் (nginx, வெப் சர்வர் மென்பொருள்) போடுங்கள். உங்கள் தேவைக்குத் தாராளம். அது தூங்கிப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்றி, யுபிஎஸ்ஸில் இணையுங்கள். தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரிந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் (எச்டிஎம்எல்லின் head பகுதி) எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை நேராக சர்வருக்கு அனுப்பும் வசதி) மட்டும் போட்டுவிடாதீர்கள். இன்டர்நெட்டில் திறந்திருக்கும் போர்ட்டுகளை ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உங்கள் சைட்டையும் தேடி வந்துவிடும். வெளியிலிருந்து வர விபிஎன்தான் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி இணைப்பு) சரியான வழி. வருகிற விருந்தினர்களுக்கு ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால், அவர்களுக்குத் தனி கெஸ்ட் வைஃபை வைத்துவிடுங்கள். சம்பள விவரத்தை இந்த சைட்டில் ஏற்ற வேண்டாம். பூட்டுக்குறி இல்லாத இணைப்பில் போகும் எதையும் அதே நெட்வொர்க்கில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியும்.

வாரம் ஒருமுறை முழு சைட்டையும் டேட்டாபேஸையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அந்த டிஸ்க்கை சர்வர் பக்கத்திலேயே வைக்காமல், வேறு அறையில் வையுங்கள்.