உறுதிமொழி சொல்ல வைத்தால் பிள்ளைகளுக்குக் கடமையுணர்வு வந்துவிடுமா?

அதனால் மட்டும் வராது. 1910-இல் தொடங்கிய அமெரிக்கச் சாரணர் இயக்கத்திலும் உறுதிமொழி உண்டு, பன்னிரண்டு அம்சச் சாரணர் விதியும் உண்டு. ஆனால் அதன் உயிர்நாடி மெரிட் பேட்ஜ் முறைதான்: ஒவ்வொரு துறையிலும் சொன்ன வேலைகளைச் செய்து முடித்தால் ஒரு சின்னம் (பேட்ஜ்) கிடைக்கும்.

உள்ளூர்க் குடிமை பேட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்க, நகர மன்றக் கூட்டத்துக்கோ பள்ளி வாரியக் கூட்டத்துக்கோ நீதிமன்றத்துக்கோ நேரில் போய் உட்கார வேண்டும். அங்கே கருத்து வேறுபாடு எழுந்த ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தரப்பு தனக்குச் சரியாகப் படுகிறது, ஏன் என்று அந்த பேட்ஜுக்கு வழிகாட்டும் ஆலோசகரிடம் விளக்க வேண்டும். பெரியவர்கள் மோதிக்கொள்வதை ஒரு பதின்ம வயதுப் பிள்ளை பொறுமையாகக் கேட்டு, தானே ஒரு முடிவுக்கு வருவது சாதாரண விஷயமா? எந்தப் பாடப்புத்தகமும் இதைத் தராது என்பேன். தேசக் குடிமை பேட்ஜுக்கு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட்டருக்கோ பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கோ ஒரு தேசியப் பிரச்சினை பற்றிக் கடிதம் எழுத வேண்டும்.

உச்சப் படியான ஈகிள் ஸ்கவுட் ஆவதற்கு 21 பேட்ஜ்கள். அப்புறம் தானே திட்டமிட்டு, ஆட்களைத் திரட்டி நடத்தும் ஒரு பொதுச்சேவைப் பணி. எல்லாம் 18 வயதுக்குள்.

பாலியல் கொடுமை வழக்குகளால் 2020-இல் இதே அமைப்பு திவால் மனு போட்டதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளையுடன் பெரியவர் ஒருவர் தனியே இருக்கக் கூடாது என்பது இப்போதைய விதி. பிள்ளையைச் சேர்க்கும்முன் அது உங்கள் குழுவில் நடைமுறையில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.