பள்ளி மேலாண்மைக் குழு: கேட்டதும் சொன்னதும்

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். இந்தக் குழுவில் ஆசிரியர் பிரதிநிதியாக இருந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என்னைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். என்ன வேலை?

பதில்: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் உங்கள் பொறுப்பு. அந்தத் திட்டத்தை வைத்துத்தான் நிதி ஒதுக்கவேண்டும் என்கிறது 22-ஆவது பிரிவு.

ஒன்று சொல்கிறேன். தீர்மானம் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் இருந்த பள்ளி ஒன்றில் ‘தீர்மானம் 3’ என்று எழுதி, நான்கு வரி இடம் விட்டு, கீழே தாய்மார்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அங்கே ‘கழிப்பறை பழுதுபார்ப்பு’ என்று ஏறியது. மாணவியர் கழிப்பறைக் கதவை அதன் பிறகும் சணல் கயிற்றால்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ள 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் வாங்கித் தருவீர்களா?

பதில்: அது குழுவின் வேலையில்லை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் குழுவே கிடையாது.

கேள்வி: எங்களுடையது உதவி பெறும் பள்ளி. ஆலோசனை மட்டும் சொல்லுங்கள் என்கிறார் தாளாளர்.

பதில்: சரிதான். 2012-இல் வந்த திருத்தம் அப்படித்தான் சொல்கிறது.

அதே வாசகர்: அப்படியானால் டீ குடித்துவிட்டு வர ஒரு குழுவா?

பதில்: கோபம் நியாயமானது, எனக்கும் அந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. ஆனால் வாயால் சொன்ன ஆலோசனை டீயோடு போய்விடும், குழுவின் தீர்மானப் பதிவேட்டில் ஏறியது நிற்கும். பிள்ளையின் உரிமை பறிபோனால் 32-ஆவது பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு யாரும் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதற்கு மேல்முறையீடும் உண்டு. தாளாளரிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

இன்னொருவர்: முழு அதிகாரம் உள்ள அரசுப் பள்ளிக் குழு மட்டும் என்ன சாதித்தது?

பதில்: உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவின் பதிவேட்டை எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் ஒரு சிறுவன் பிச்சை எடுக்கிறான். குழுவிடம் சொல்லவா?

பதில்: குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே பேசுங்கள். அது குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட, நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) உள்ள அதிகாரம் கொண்ட குழு அது. பெயரில் ‘குழு’ இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

கேள்வி: 25 சதவீத இடத்துக்குக் குழுத் தலைவியின் கடிதம் போதுமா?

பதில்: மேலே பாருங்கள் ஐயா.

கேள்வி: கூட்டத்துக்குப் போகவில்லை. பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பதில்: வந்தவருக்குத் தண்ணீர் கொடுங்கள். பேனாவைக் கொடுக்காதீர்கள்.